சாகப்போகிறவனுக்குச் செய்ய ஒன்றுமில்லையா?

(அருள்புரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்குப் பிடிக்காத விஷயமாகவே இருக்கும். கலியாண வீட்டில் இதைப் பேசினால் நம்மை வெளியே பிடித்துத் தள்ளி விடுவார்கள். அதாவது, இனி வைத்தியத்தால் குணப்படாது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்ட நோயாளியைப் பற்றியும், அவனை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கின்ற குடும்பத்தைப் பற்றியும் பேசப் போகின்றோம். "சாவைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? வாயில் நல்ல வார்த்தை வராதா?" என்று சிலர் கேட்கலாம். தோழர்களே! சாவைப் பற்றிப் பேசாமல் இருந்த காரணத்தால் இதுவரை ஒருவனாவது சாகாமல் இருந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பேசாமல் இருந்த காரணத்தால் கதறிக் கதறிச் செத்தவர்களை மாத்திரம் ஏராளமாய்க் கண்டிருக்கின்றோம். ஆகவேதான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த ஊர் சங்கதியையே எடுத்துக் கொள்ளுவோம். பல்லடம் ரோட்டிலே இந்த அருள்புரத்தில் இறங்கிப் பார்த்தால் எந்தப் பக்கமும் பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும்தான். அவற்றைச் சுற்றி லைன் வீடுகள். பத்துக்குப் பத்து அறை ஒன்று, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கக்கூஸ், ஒரு குழாய். தேனி, மதுரை, விருதுநகர், தூத்துக்குடி என்று தெற்கேயிருந்து வந்தவர்களும், ஒடிசா, பீகார் என்று வடக்கேயிருந்து வந்தவர்களும் அவற்றில் குடியிருக்கின்றார்கள். புருஷன் கட்டிங்கில் நிற்கின்றான். மனைவி செக்கிங்கில் உட்காருகின்றாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கட்கிழமை கடன் என்று ஓடுகின்ற வாழ்க்கை.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் புருஷனுக்கு வாயிலே புற்றுநோய் வந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். புகையிலையை அடக்கி வைத்திருந்த கன்னத்தில் புண். அதை "சூட்டுப் புண்" என்று ஆறு மாதம் தள்ளிவிட்டான். பிறகு ஆஸ்பத்திரி, ஆபரேஷன், கரண்டு வைத்தியம். கடைசியில் ஒரு நாள் டாக்டர், "இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வேண்டியதைச் செய்து கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகின்றார். அந்தப் பத்துக்குப் பத்து அறைக்கு அவன் திரும்பி வருகின்றான். மனைவி வேலையை விட வேண்டியதாகிறது. ஆக இரண்டு சம்பளமும் நின்றது. மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதாகிறது. புண் நாற்றமெடுக்கிறது; பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுகின்றான்; வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லுகின்றார். இராத்திரியெல்லாம் வலி பொறுக்க முடியாமல் அவன் கத்துகின்றான். இது ஏதோ நாம் ஜோடித்துச் சொல்லும் கதை என்று நினைக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கை கூடத் தூக்கக் காணோம். ஏனெனில் உங்களில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வீடு தெரியும்.

இந்த வீட்டுக்கு நம்முடைய சமுதாயம் என்ன செய்கின்றது? மூன்று காரியம் செய்கின்றது. முதலாவது, "பூர்வஜென்மத்தில் செய்த பாவம், அனுபவிக்கின்றான்" என்று சொல்லுகின்றது. இரண்டாவது, "இந்தப் பரிகாரம் செய், அந்தக் கோயிலுக்குப் போ, இந்தச் சாமியாரின் திருநீற்றைக் கரைத்துக் குடி" என்று சொல்லி மிச்சமிருக்கும் காசையும் பிடுங்குகின்றது. மூன்றாவது, செத்த பிறகு தாரை தப்பட்டை, பூப்பல்லக்கு, கருமாதி, விருந்து என்று கடன் வாங்கிச் செலவு செய்யச் சொல்லுகின்றது. உயிரோடு இருக்கும்போது தண்ணீர் கொடுக்க ஆளில்லாதவனுக்குச் செத்தபிறகு பால் ஊற்ற ஊரே வருகின்றது.

பாவம் என்று சொல்லுகிறார்களே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரத்தப் புற்றுநோய் வந்து சாகின்ற மூன்று வயதுக் குழந்தை என்ன பாவம் செய்தது? "போன ஜென்மத்தில் செய்தது" என்பார்கள். போன ஜென்மத்தில் செய்தது இன்னதென்று அந்தக் குழந்தைக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது, சொல்லுகிறவனுக்கும் தெரியாது. குற்றம் இன்னதென்று சொல்லாமலேயே தண்டனை கொடுக்கின்ற ஒரு நீதிபதி பல்லடம் கோர்ட்டில் இருந்தால் நாம் சும்மா விடுவோமா? அப்படியிருக்க, இந்த நீதியை மாத்திரம் ஏன் கும்பிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும்? இந்தக் கர்மபலன் பேச்சினால் ஏற்படுகின்ற கெடுதி வெறும் மூடநம்பிக்கையோடு நின்றுவிடுவதில்லை. வலி என்பது நியாயமான தண்டனை என்று ஒருவன் நம்பிவிட்டால், அந்த வலியைத் தணிப்பதற்கு வழி தேட மாட்டான். நோயாளியும் மருந்து கேட்க வெட்கப்படுவான். சாகின்றவனுக்கு நோய் கொடுக்கும் வலி போதாதென்று, "நான் பாவி" என்ற வலியையும் கூடச் சேர்த்துக் கொடுக்கின்றோம்.

நிற்க, குணப்படுத்த முடியாத நோய்க்குச் செய்ய ஒன்றுமில்லை என்பது உண்மையா என்று பார்ப்போம். உண்மையல்ல. குணப்படுத்த முடியாது என்பது வேறு. ஒன்றும் செய்ய முடியாது என்பது வேறு. இந்த வித்தியாசத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார். முதலில் நர்சாக இருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கவனிக்கும் உத்தியோகம் பார்த்தார். அப்போது, போலந்திலிருந்து பிழைக்க வந்து ஓட்டலில் பரிமாறுகின்ற வேலை செய்த டேவிட் டாஸ்மா என்ற யூதர் ஒருவர் புற்றுநோயால் சாகக் கிடந்தார். சொந்தக்காரர் யாருமில்லாத அந்தத் தொழிலாளியோடு இந்த அம்மையார் பேசிப் பேசி, இப்படிப்பட்டவர்கள் வலியில்லாமல் மரியாதையோடு சாவதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. அவர் 1948இல் சாகும்போது தம்மிடமிருந்த 500 பவுனை, கட்டப் போகும் அந்த இடத்தில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்ற கருத்தோடு எழுதி வைத்துவிட்டுச் செத்தார். அம்மையாரோ, நர்சு சொன்னால் டாக்டர்கள் கேட்க மாட்டார்கள் என்று கண்டு, தாமே படித்து 1957இல் டாக்டரானார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற நிலையம் திறக்கப்பட்டது. ஜன்னலுக்குக் காசு வந்து 19 வருஷம் கழித்து அதைச் சுற்றிக் கட்டடம் வந்தது. அந்த முதல் காசு எந்த ராஜா கொடுத்ததும் அல்ல. ஓட்டலில் பரிமாறி நின்றவன் கொடுத்த காசு.

அந்த அம்மையார் மத நம்பிக்கை உள்ளவர்தான். அதற்கு முன்பே டப்ளினிலும் லண்டனிலும் இப்படிப்பட்ட இல்லங்களை நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள்தான். இதை நாம் மறைக்கப் போவதில்லை. அவர்கள் புண்ணைக் கழுவினார்கள், மலத்தை எடுத்தார்கள், அதற்காக அவர்களுக்கு மரியாதை செலுத்துகின்றோம். ஆனால் புண்ணைக் கழுவியது மனிதனுடைய கைதானே தவிர மந்திரம் அல்ல. வலியைத் தணித்தது மருந்துதானே தவிர ஜெபம் அல்ல. அந்த அம்மையார் மருந்தின் அளவையும் நேரத்தையும் நோயாளி நோயாளியாகக் குறித்து வைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து எழுதி, அதன் பேரில்தான் மற்ற டாக்டர்களை ஒப்புக் கொள்ளச் செய்தார். நாம் கேட்பதும் அதே அறிவைத்தான்.

அவர் கண்டுசொன்ன விஷயம் என்னவென்றால், சாகக் கிடக்கிறவனுடைய வலி ஒரு வலியல்ல, நான்கு வலி என்பதாகும். உடம்பு வலி ஒன்று. பயமும் துக்கமுமாகிய மன வலி ஒன்று. பெண்டு பிள்ளை, கடன், வாடகை என்ற குடும்ப வலி ஒன்று. "நான் எதற்காக வாழ்ந்தேன்" என்ற வலி ஒன்று. ஆகவே வைத்தியமும் நான்காக இருக்க வேண்டும். அதை டாக்டர் ஒருவரால் மாத்திரம் செய்ய முடியாது. நர்சு வேண்டும், கடன் வாடகை விஷயங்களைக் கவனிக்கத் தெரிந்தவர் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். இதைத்தான் பாலியேட்டிவ் சிகிச்சை என்கின்றார்கள். நமது சர்க்கார் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை என்று பெயர் வைத்திருக்கின்றார்கள்.

உடம்பு வலியை எடுத்துக் கொள்ளுவோம். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வருகின்ற பால்தான் அபின். ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்ற ஒரு மருந்துக்கடைப் பையன், சுமார் 1805இல் அந்த அபினிலிருந்து வலியைத் தணிக்கும் சத்தைத் தனியே பிரித்தெடுத்தான். அதுதான் மார்பின். உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தது. லேசான வலிக்குச் சாதாரண மாத்திரை, அதற்கு மேற்பட்டால் அடுத்த படி, கடும் வலிக்கு மார்பின். வாய் வழியே கொடு. கடிகாரம் பார்த்துக் கொடு. வலி வந்த பிறகு கொடுக்காதே, வருவதற்கு முன்பே கொடு என்பது அதன் சாரம். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம் நிற்கும். ஆகையால் 4 மணிக்கு ஒரு தடவை. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து கொடுக்க வேண்டும். அளவை டாக்டர்தான் வைக்க வேண்டும். நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் வித்தை. விலையோ கொஞ்சம்.

இவ்வளவு சுலபமான மருந்து ஏன் உங்கள் வீட்டுக்கு வரவில்லை? இந்தியாவிலே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் சர்க்கார் லைசென்சோடு அபின் பயிரிடுகின்றார்கள். நீமுச்சிலும் காஜிபூரிலும் சர்க்கார் அபின் தொழிற்சாலையே இருக்கின்றது. வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு இந்த நாட்டு அபின் கப்பலேறிப் போயிருக்கிறது. அங்கே இருக்கிறவன் வலியில்லாமல் செத்தான்; பயிரிட்ட நாட்டுக்காரன் கதறிச் செத்தான். ஏனென்றால் 1985இல் போதைப்பொருள் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். திருடனைப் பிடிக்கச் செய்த சட்டம். ஆனால் அதில் டாக்டரும் அகப்பட்டுக் கொண்டார். ஆஸ்பத்திரியில் மார்பின் வைத்திருக்க நான்கைந்து லைசென்சு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆபீசு, கணக்கில் பிசகினால் ஜெயில். எந்த டாக்டர் துணிவார்? பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் நாட்டில் வைத்தியத்துக்குச் செலவான மார்பின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. புதிதாக வந்த டாக்டர்கள் அந்த மருந்தைக் கையாலேயே தொடாமல் படித்து முடித்து வெளியே வந்தார்கள். கேரளத்து டாக்டர் இராஜகோபால் முதலானவர்கள் வருஷக்கணக்காய்ப் போராடியதன் பேரில், 2014இல்தான் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒரே ஓர் அனுமதி போதும் என்று செய்தது. சட்டம் மாறி இத்தனை வருஷமாகியும் பழைய பயம் போகவில்லை. பயம் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உள்ளது.

"மார்பின் சாப்பிட்டால் போதைக்கு அடிமையாகி விடுவானே?" என்று கேட்கின்றார்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில், கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறவன் போதைக்கு அடிமையாவது மிகவும் அரிது. வலி வேறு வைத்தியத்தால் குறைந்தால் மருந்தைப் படிப்படியாய்க் குறைத்து நிறுத்தி விடுகின்றார்கள். "சீக்கிரம் செத்துப் போவானே?" என்கின்றார்கள். சரியான அளவில் கொடுக்கப்பட்ட மார்பின் ஆளைக் கொல்வதில்லை. வலி நின்றவன் தூங்குகின்றான், இரண்டு வாய் கஞ்சி குடிக்கின்றான், பேரப்பிள்ளையோடு பேசுகின்றான். முதல் இரண்டு மூன்று நாள் சற்று மயக்கமாய் இருக்கும்; பிறகு தெளிந்து விடும்.

தோழர்களே! உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இப்படிப்பட்ட சிகிச்சை தேவைப்படுகின்றது என்றும், அவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத்தான் அது கிடைக்கின்றது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகின்றது. 2010இல் லண்டனில் ஒரு பத்திரிகை நிறுவனத்தார் 40 நாடுகளை எடுத்துக்கொண்டு, எந்த நாட்டில் மனிதன் யோக்கியமாய்ச் சாகலாம் என்று வரிசைப்படுத்தினார்கள். இந்தியா 40ஆவதாக வந்தது. ஆத்மாவைப் பற்றியும் மோட்சத்தைப் பற்றியும் உலகத்துக்கே போதித்ததாகப் பெருமை பேசும் நாட்டுக்கு, சாகிற மனிதனைக் கவனிப்பதில் கடைசி இடம்! ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்லியிருந்தது. இந்திய ஜனத்தொகையில் நூற்றுக்கு 3 பங்குள்ள கேரளத்தில், இந்தியாவில் நடக்கும் இந்தச் சிகிச்சையில் மூன்றில் இரண்டு பங்கு நடக்கிறது என்பதே அது.

கேரளம் எங்கோ சீமையில் இல்லை. இங்கே பஸ் ஏறினால் கோயமுத்தூர், அதைத் தாண்டினால் வாளையாறு, அதற்கப்பால் பாலக்காடு. அங்கே என்ன நடந்தது? 1993இல் கோழிக்கோடு மெடிகல் காலேஜில் டாக்டர் இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியவர்களும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு சிறு சங்கம் ஆரம்பித்தார்கள். நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் கடைசிக் காலத்தில் கிடக்கிறவன் எப்படி ஐம்பது மைல் பஸ்ஸில் வருவான்? ஆகவே ஆஸ்பத்திரி வீட்டுக்குப் போக வேண்டும் என்று கண்டார்கள். டாக்டர்கள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஆகவே ஊர் ஜனங்களையே பழக்க வேண்டும் என்று கண்டார்கள். 1999இல் மலப்புறம் முதலான ஜில்லாக்களில், அக்கம்பக்கத்தார் கூட்டு என்ற முறை வந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கத் தயாராயிருக்கிறவன் தொண்டன். மாணவனானாலும், கூலிக்காரனானாலும், கடைக்காரனானாலும் சரி. சில நாள் பயிற்சி. அவனுக்குத் தெரிந்த வீடுகளில் கிடக்கிறவர்களைக் கண்டுபிடித்து வந்து சொல்லுகின்றான், நர்சு போகின்றார், தேவைப்பட்டால் டாக்டர் போகின்றார். செலவுக்குக் கடைகளில் உண்டியல். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சாதாரண ஜனங்கள் போட்ட காசு. வீட்டில் பட்டினியென்றால் அரிசி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. அந்தக் கூட்டங்களில் முஸ்லிம் வீட்டுக்கு இந்து போனான். இந்து வீட்டுக்குக் கிறிஸ்தவன் போனான். புண்ணைக் கழுவும்போது ஜாதி கேட்கவில்லை. ஜனங்கள் முதலில் செய்தார்கள்; சர்க்கார் பின்னால் வந்தது. 2008இல் கேரள சர்க்கார் இதைத் தங்கள் கொள்கையாகவே வெளியிட்டு, பஞ்சாயத்துதோறும் வீட்டுக்குப் போகும் நர்சை ஏற்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள்.

நம் பக்கம் ஒன்றுமே இல்லையென்று சொல்ல வரவில்லை. பம்பாயில் 1986இல் சாந்தி அவேத்னா சதன் என்று இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் ஏற்பட்டது. சென்னையில் மாத்தூரில் ஜீவோதயா என்ற இல்லம் ஏழைப் புற்றுநோயாளிகளைக் காசு வாங்காமல் வைத்துக் கவனிக்கின்றது. வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கின்றது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீட்டிலேயே வந்து இந்த ஆதரவு சிகிச்சை கொடுக்கவும் ஏற்பாடு இருக்கின்றது. வட்டாரத்துக்கு ஒரு நர்சு இதற்காகவே நியமிக்கப்பட்டிருக்கின்றார். இது நல்ல காரியம்; பாராட்டுகின்றோம். ஆனால் வட்டாரம் என்றால் எத்தனை ஊர், எத்தனை லைன் வீடு என்று எண்ணிப் பாருங்கள். ரேஷன் கார்டும் இல்லாமல், தமிழும் தெரியாமல், அறைக்குள் கிடக்கும் பீகார்க்காரனை அந்த அம்மாள் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இங்கே இன்னொரு சங்கதியையும் சொல்லியாக வேண்டும். விருதுநகர், மதுரைப் பக்கங்களில் "தலைக்கூத்தல்" என்று ஒரு வழக்கம் இருப்பதாக 2010இல் பத்திரிகைகளில் பெரிதாய் அடிபட்டது. படுக்கையில் விழுந்த கிழவன் கிழவிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து முடித்து விடுவது. அந்தப் பக்கத்து ஜனங்கள் இங்கேயும் இருக்கின்றீர்கள். கோபித்துக் கொள்ள வேண்டாம். இது கொலை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் எல்லோரும் ராட்சதர்கள் என்று சொல்ல நாம் தயாராயில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லை, வலிக்கு மருந்தில்லை, வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில் ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு, பிறகு "ஐயோ பாவிகளே" என்று திட்டுவது எந்த நியாயம்? "இந்த வலியிலிருந்து என்னைக் கொன்றுவிடுங்கள்" என்று கெஞ்சுகின்ற நோயாளி பெரும்பாலும் கேட்பது சாவையல்ல, வலி நிற்பதைத்தான். வலியை நிறுத்திப் பாருங்கள். அந்தப் பேச்சை அனேகம் பேர் விட்டு விடுவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வேறொரு கொடுமை இருக்கின்றது. பிழைக்க மாட்டான் என்று தெரிந்த பிறகும் காற்று மெஷினில் மாட்டி வைத்து, நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் என்று தோட்டத்தை விற்க வைப்பது. பயனில்லாத வைத்தியத்தை வேண்டாம் என்று சொல்லவும், அப்படி முன்கூட்டியே எழுதி வைக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டென்று சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9ஆம் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. 2023இல் அந்த முறையைச் சுலபமாக்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி நோட்டரியிடமோ கெஜட் அதிகாரியிடமோ அத்தாட்சி வாங்கினால் போதும் என்று ஆக்கிற்று. சொத்துக்கு உயில் எழுதுகின்றோம். உடம்புக்கும் எழுதி வைப்பது அறிவுடைமை. பயனில்லாத வைத்தியத்தை நிறுத்துவது வேறு, கவனிப்பை நிறுத்துவது வேறு. முன்னது நியாயமாயிருக்கலாம், பின்னது ஒருநாளும் நியாயமாகாது.

தாய்மார்களே! இதுவரையில் பேசியதில் உங்கள் பங்கு என்னவென்று சொல்லாமல் விட்டுவிட்டால் இந்தப் பேச்சு அரைப் பேச்சாகும். வீட்டில் ஒருவர் படுத்தால் மலம் எடுப்பது யார்? இராத்திரி விழிப்பது யார்? மனைவி, மருமகள், மகள். இதற்குப் "பதிவிரதா தர்மம்" என்று பெயர் கொடுத்துவிட்டு ஆண்கள் திண்ணைக்குப் போய்விடுகின்றார்கள். மனைவி படுத்தாலோ அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பி விடுகின்றார்கள். தர்மம் என்றால் இரண்டு பேருக்கும் இருக்க வேண்டாமா? படுத்திருப்பவனை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் காக்கலாம். இதற்குப் பெண் கைதான் வேண்டுமென்று எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை. நாற்றமெடுக்கும் புண்ணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து தூவச் சொல்லிக் கேரளத்து நர்சுகள் கற்றுக் கொடுக்கின்றார்கள்; நாற்றம் அடங்குகின்றது; அடுத்த வீட்டுக்காரன் மறுபடி திண்ணையில் வந்து உட்காருகின்றான். கடைசி நாட்களில் பசி தானாகவே போய்விடும். அப்போது "சாப்பிடாமல் கிடக்கிறாரே" என்று வாயைத் திறந்து ஊற்றினால் அது மார்புக்குள் போய் மூச்சைத் திணற அடிக்கும். உதட்டை நனைத்துக் கொடுத்தால் போதும். இவ்வளவு சின்ன விஷயங்களை யாராவது சொல்லிக் கொடுத்தால் அந்தப் பெண்ணின் பாதிப் பயம் போய்விடும். வாரத்தில் அரை நாள் வேறொருவர் வந்து உட்கார்ந்தால் அவள் தூங்கி எழுந்து விடுவாள்.

அடுத்தபடியாக, உண்மை சொல்லுவது. நோய் இன்னதென்று நோயாளிக்குத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும், ஆனால் தெரியாதது போல் நடிக்கின்றான். வீடே ஒரு நாடகக் கொட்டகையாகிறது. அவனுக்குப் பெண்ணின் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். சீட்டுப் பணம் யாரிடம் நிற்கிறதென்று சொல்ல வேண்டியிருக்கும். அண்ணனோடு இருபது வருஷமாய் இருந்த சண்டையைத் தீர்க்க வேண்டியிருக்கும். பொய்யைக் காப்பாற்றுவதற்காக இத்தனையும் வாய்க்குள்ளேயே செத்துப் போகின்றது. தடியால் அடிப்பது போல் சொல்ல வேண்டுமென்பதில்லை. அவன் எவ்வளவு கேட்கின்றானோ அவ்வளவு, மெதுவாய், உண்மையாய்ச் சொல்லலாம். நம்பிக்கையுள்ளவன் தன் சாமியைக் கும்பிட விரும்பினால் அந்த நேரத்தில் வாதாடப் போகிறவன் பகுத்தறிவாளன் அல்ல, முரடன். அதேபோல், நம்பிக்கையில்லாதவன் கடைசியில் பயந்து மாறுவான் என்று புரோகிதத்தோடு வந்து நிற்பவனையும் வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

கடைசியாக, இந்த அருள்புரத்தில் செய்யக்கூடிய காரியம் என்ன? "இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், நம்மால் ஆகாது" என்று சொல்லாதீர்கள். 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, உப்புத் தண்ணீரை ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதைத் திரும்ப உபயோகப்படுத்த முடியும் என்று அந்த வருஷத்திலேயே செய்து காட்டியது இந்த அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையந்தான். ஒரு பட்டறைக்காரனால் தனியாய் ஆகாதது, பலர் சேர்ந்ததால் ஆயிற்று. சாயத் தண்ணீருக்குச் சேர்ந்தவர்கள் மனிதனுடைய கண்ணீருக்குச் சேரக்கூடாதா?

மாரியம்மன் நோம்பி சாட்டினால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகின்றோம். கொடுக்காதவன் வீட்டுக்கு நாலு பேர் போய் நிற்கின்றோம். அதில் பத்தில் ஒரு பங்கு போதும். கரைப்புதூர் ஊராட்சிக்குள் இருபது பேர் முன்வர வேண்டும். பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். ஒவ்வொரு லைனுக்கும் ஒருவர் பொறுப்பு. எந்த அறையில் யார் படுத்திருக்கின்றார் என்று நோட்டில் எழுத வேண்டும். புற்றுநோய் மாத்திரமல்ல; பக்கவாதம், சிறுநீரகம் கெட்டவர், இடுப்புக்குக் கீழ் விளங்காதவர், மூச்சிளைப்பில் கிடப்பவர் எல்லோரும் அதில் வர வேண்டும். அந்த நோட்டை வட்டார நர்சிடம் கொடுத்து வரச் சொல்ல வேண்டும். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். மார்பின் எங்கே கிடைக்கும் என்று ஜில்லா ஆஸ்பத்திரியில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். இரண்டு தண்ணீர் மெத்தை, இரண்டு மடக்குக் கட்டில், ஒரு சக்கர நாற்காலி வாங்கி வைத்தால் வீடு வீடாய் மாறிக்கொண்டே இருக்கும்.

கம்பெனித் தொழிலாளிகள் இன்னொன்றையும் தெரிந்து கொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறவனுக்கு நோய்க்கால உதவியாக வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு உண்டு. புற்றுநோய் போன்ற நீண்ட கால நோய்களுக்கு, சட்டப்படி உரிய காலம் வேலை செய்து சந்தா கட்டியிருந்தால், நூற்றுக்கு 80 பங்கு வீதம் இரண்டு வருஷம் வரை வாங்க வழியிருக்கின்றது. இது பிச்சையல்ல, உங்கள் கூலியிலிருந்து பிடித்த பணம். எத்தனை வீட்டில் இது தெரியாமல் கந்துவட்டிக்கு ஓடியிருக்கின்றார்கள்! ஈ.எஸ்.ஐ. பிடிக்காத கம்பெனியில் வேலை செய்கிறவன் இன்றைக்கே கேட்க வேண்டும். படுத்த பிறகு கேட்டால் பயனில்லை.

தோழர்களே! சாவை நிறுத்த நம்மால் ஆகாது. வலியைக் குறைக்க ஆகும், பட்டினியைத் தடுக்க ஆகும், தனியாய்ச் சாகாமல் பார்த்துக் கொள்ள ஆகும். மேலுலகத்தில் என்ன நடக்கும் என்பதைப் பற்றிப் பேச அனேகம் பேர் இருக்கின்றார்கள். இந்த உலகத்தில் கடைசி மாதத்தில் நடப்பதைக் கவனிக்கத்தான் ஆளில்லை. அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகின்றோம். கூட்டம் கலைவதற்கு முன் பெயர் கொடுக்கிறவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வந்து எழுதிவிட்டுப் போகலாம். இருபது பேர் சேராவிட்டாலும், ஐந்து பேர் சேர்ந்தால் ஐந்து லைனில் ஆரம்பிக்கலாம்.